பழுது நீங்காத டி.என்.ஏ.: ஃபேன்கோனி ரத்தசோகையும் நம் வட்டாரமும்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் எந்தக் குழந்தை மருத்துவரின் வாசலிலும் வெளுத்த முகத்தோடு நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம், இல்லையென்றால் குடற்புழு. புழு மாத்திரை, இரும்புச்சத்து டானிக், முருங்கைக்கீரை, முட்டை என்று கவனித்தால் சில மாதங்களில் முகம் தெளிந்துவிடும்.

அபூர்வமாக ஒரு குழந்தைக்கு மட்டும் எந்த டானிக்கும் பிடிபடாது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசியும். எங்கும் இடித்துக்கொள்ளாமலே கை கால்களில் நீலத் திட்டுகள் தோன்றும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு, வெள்ளை அணு, தட்டணு மூன்றும் சேர்ந்து குறைந்திருக்கும். ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோயிருக்கிறது என்பது அதன் பொருள். இப்படி மஜ்ஜை ஓய்ந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் காரணம் பிறவியிலேயே அமைந்த மரபணுக் கோளாறு. அவ்வகைக் கோளாறுகளில் முதன்மையானது ஃபேன்கோனி ரத்தசோகை.

உலக அளவில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்று என்ற கணக்கில் வரும் நோய் இது. இவ்வளவு அரிதான நோயைப் பற்றிச் சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தெரிந்துகொள்ள மூன்று காரணங்கள் உண்டு. நம் ஒவ்வொருவரின் செல்லும் தன் டி.என்.ஏ.வை எப்படிப் பழுது பார்க்கிறது என்பதை அறிவியலுக்குக் கற்றுத்தந்த நோய்களில் இது ஒன்று. இந்தியர்களிடம் இந்த நோயை உண்டாக்கும் ஒரு தனி மரபணு மாற்றம் அண்மையில்தான் அடையாளம் காணப்பட்டது. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் வலுவாக உள்ள ஊர்களில் உலகச் சராசரி அப்படியே பொருந்தாது என்பது மூன்றாவது.

மூன்று சகோதரர்கள்

1927இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கைடோ ஃபேன்கோனி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கடுமையான ரத்தசோகை இருந்தது, உடல் அமைப்பிலும் பிறவிக் குறைகள் இருந்தன. ஒரே வீட்டில் மூவருக்கு வந்ததால் இது பரம்பரையாக வருவது என்று ஊகிக்க முடிந்தது. உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடிபடவில்லை.

1964இல் ஜெர்மனியில் ட்ரவுட்டே ஷ்ரோடர் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, குரோமோசோம்கள் தாமாகவே உடைந்து கிடப்பதைக் கண்டனர். 1973இல் ஜப்பானின் சசாகியும் தொனொமுராவும் அடுத்த படியைக் கண்டறிந்தார்கள். மைட்டோமைசின் சி போன்ற சில மருந்துகளைச் சேர்த்தால் இந்த உடைவு பல மடங்கு பெருகுகிறது. நோயில்லாதவரின் செல்கள் அதே அளவு மருந்தைத் தாங்கிக்கொள்கின்றன. அந்த மருந்துகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும் ரசாயனங்கள் அவை. நோயின் மூலம் எங்கே இருக்கிறது என்பதற்கு முதல் துப்பு இதுதான். நியூயார்க்கில் ஆர்லீன் ஆவர்பாக் இதையே நோயை உறுதிசெய்யும் சோதனையாக வளர்த்தெடுத்தார்.

இதற்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1992இல் கனடாவின் டொரண்டோவில் மேனுவல் புக்வால்டின் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று இந்தப் பட்டியலில் 22க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவற்றில் எது பழுதானாலும் வருவது ஒரே நோய்தான். உலகெங்கும் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பழுதாகியிருப்பது ஃபேன்க்-ஏ என்ற மரபணு.

செல்லுக்குள் நடக்கும் மராமத்து

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. நாள்தோறும் பல்லாயிரம் இடங்களில் பழுதாகிறது. வெயில், புகை, கதிர்வீச்சு ஆகியவை வெளியிலிருந்து வரும் காரணங்கள். உயிர் வாழ்வதற்காக உடலுக்குள் நடக்கும் ரசாயன மாற்றங்களாலும் ஓயாமல் பழுது சேர்கிறது. ஆனாலும் நாம் நலமாக இருக்கிறோம் என்றால், பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பல அமைப்புகள் ஓயாமல் இயங்குவதால்தான். அவற்றின் செயல்முறையை விளக்கியதற்காகத் தோமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சான்ஜார் ஆகிய மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு வகைப் பழுதுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. வெயில் உண்டாக்கும் பழுதை நீக்கும் அமைப்பு கெட்டால் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வரும். அந்தக் குழந்தைகளுக்குச் சூரிய ஒளி பட்ட தோலில் சிறு வயதிலேயே புற்றுநோய் தோன்றும். இரு இழைகளும் ஒருசேர அறுந்ததை அறிவிக்கும் ஏ.டி.எம். மரபணு கெட்டால் நடை தள்ளாடும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றும். ஃபேன்கோனி மரபணுக்களின் பொறுப்பு இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலான ஒரு பழுது.

டி.என்.ஏ. இரு புரிகளை முறுக்கிய கயிறு. செல் இரண்டாகப் பிரியும் முன் அந்தப் புரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அச்சாக வைத்துப் புதுப் புரி திரிக்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் இரண்டு புரிகளையும் சேர்த்து ஒரு தையல் விழுந்துவிட்டால் கயிறு அதற்கு மேல் பிரியாது. நகலெடுக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும். மற்றப் பல பழுதுகளில் ஒரு புரி கெட்டாலும் மறு புரி நன்றாக இருக்கும், அதைப் பார்த்து இதைச் சரிசெய்யலாம். இந்தப் பிணைப்பில் இரண்டுமே சிக்கிக்கொள்கின்றன.

நகலெடுப்பு நின்ற இடத்தை முதலில் ஃபேன்க்-எம் என்ற புரதம் இனங்காண்கிறது. உடனே ஏ, பி, சி, ஈ, எஃப், ஜி, எல் என்ற பெயர்களைக் கொண்ட ஃபேன்கோனி புரதங்கள் ஒரு குழுவாக அங்கே கூடுகின்றன. அந்தக் குழுவில் நேரடியாகச் செயலில் இறங்குவது ஃபேன்க்-எல். யூபிகுவிட்டின் என்ற மிகச் சிறிய புரதத்தை எடுத்து, டி2, ஐ என்ற இன்னும் இரண்டு புரதங்களின் மேல் அது பொருத்துகிறது. அந்த முத்திரை விழுந்ததும் டி2-ஐ இணை டி.என்.ஏ.வைச் சுற்றிக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கவ்வலைத் தொடர்ந்து வெட்டும் நொதிகள் வந்து, பிணைப்பின் இரு பக்கமும் ஒரு இழையை நறுக்கி அதை விடுவிக்கின்றன. மற்றொரு நொதி குறைபட்ட இடத்தைத் தாண்டி இழையை நிரப்புகிறது. நறுக்கியதால் உண்டான முறிவை பி.ஆர்.சி.ஏ.2, ராட்51 முதலிய புரதங்கள் பக்கத்தில் இருக்கும் சரியான நகலைப் பார்த்து இணைக்கின்றன.

இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிணைப்பு அப்படியே நிற்கும். செல் அதோடு பிரிய முற்படும்போது குரோமோசோம் உடைகிறது. உடைந்த முனைகள் தவறான இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

மைட்டோமைசின் சி எல்லாரும் சாப்பிடும் மருந்து இல்லை. அப்படியிருக்க ஒரு குழந்தையின் மஜ்ஜைக்குள் இந்தப் பிணைப்புகள் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்விக்கான விடையின் முக்கியமான பகுதி 2011இல் கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேலின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆல்டிஹைடு எனப்படும் ரசாயனங்கள் உடலில் இயல்பாகவே உண்டாகின்றன. மது அருந்தினால் உடல் அதை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. மது தொடாதவர் உடலிலும் ஃபார்மால்டிஹைடு சுரந்துகொண்டே இருக்கிறது. இவற்றைச் சிதைக்கும் நொதி முதல் அரண், தப்பிய ஆல்டிஹைடு டி.என்.ஏ.வைக் கெடுத்தால் அதைச் சரிசெய்யும் ஃபேன்கோனி அமைப்பு இரண்டாவது அரண். இரண்டும் இல்லாத எலிகளால் அசெட்டால்டிஹைடைத் தாங்க முடியவில்லை, அவற்றின் ரத்த அமைப்பு சீர்குலைந்தது. 2013இல் ஜப்பானில் நடந்த ஆய்வு இதை மனிதர்களிடமும் காட்டியது. ஆல்டிஹைடைச் சிதைக்கும் நொதி பரம்பரையாகவே பலவீனமாக உள்ள ஃபேன்கோனி குழந்தைகளுக்கு மஜ்ஜை இன்னும் சீக்கிரத்தில் ஓய்ந்துவிடுகிறது.

மஜ்ஜை முதலில் அடிபடுவதற்கும் காரணம் தெளிவு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை அது உண்டாக்க வேண்டும். அத்தனைக்கும் மூலம், எண்ணிக்கையில் குறைந்த ஸ்டெம் செல்கள்தான். பழுதோடு பிரிய முயலும் ஸ்டெம் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஆண்டுகள் ஏற ஏறக் கையிருப்பு கரைகிறது. பெரும்பாலும் ஏழெட்டு வயதை ஒட்டி நோய் வெளியே தெரிவது இதனால்தான். அழியாமல் தப்பி, பழுதைச் சுமந்தபடியே பெருகும் செல்லிலிருந்து ரத்தப் புற்றுநோய் பிறக்கலாம்.

மாறியும் மாறாததுபோல் தோன்றிய எழுத்து

இந்தியாவைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி 2020இல் வெளியான ஓர் ஆய்வு. மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனத்தின் பாபுராவ் வுண்டிந்தி குழுவினரும், அமெரிக்கத் தேசிய மரபணு ஆய்வு நிறுவனத்தின் செட்டாரா சந்திரசேகரப்பா குழுவினரும் சேர்ந்து இதைச் செய்தனர்.

முத்திரை பொருத்தும் ஃபேன்க்-எல் மரபணு இந்த நோயோடு தொடர்புடையது என்பது 2003இல் தெரியவந்தது. ஆனால் அது பழுதாகி நோய் வந்தவர்கள் 2020 வரை உலகம் முழுவதும் 9 பேர்தான் பதிவாகியிருந்தார்கள். புதிய ஆய்வில் ஒரே மரபணு மாற்றத்தோடு 13 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். 12 பேர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர்.

அந்த மாற்றம் இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஃபேன்க்-எல் மரபணுவின் 1092ஆவது இடத்தில் 'ஜி' என்ற எழுத்துக்குப் பதில் 'ஏ' வந்திருக்கிறது. டி.என்.ஏ.வை மும்மூன்று எழுத்தாகப் படித்துத்தான் செல் புரதத்தைக் கட்டுகிறது. 'ஏஏஜி' என்றாலும் 'ஏஏஏ' என்றாலும் செல் சேர்ப்பது லைசின் என்ற ஒரே அமினோ அமிலத்தைத்தான். ஆக எழுத்து மாறினாலும் புரதம் மாறாது. இத்தகைய மாற்றங்களைத் தீங்கற்றவை என்று ஒதுக்கிவிடுவதே மரபணு ஆய்வகங்களில் பொதுவான வழக்கம்.

இங்கே அந்த வழக்கம் பொய்த்துவிட்டது. மரபணு ஒரே நீளமாக எழுதப்பட்டிருப்பதில்லை. துண்டு துண்டாக இருக்கும். இடையில் தேவையற்ற பகுதிகள் வரும். செல் அவற்றை வெட்டி நீக்கிவிட்டுத் துண்டுகளை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதைத் துண்டுகளின் ஓரத்தில் உள்ள எழுத்துகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. 1092 அப்படிப்பட்ட ஓர் ஓரம். அங்கே எழுத்து மாறியதால் செல் வெட்ட வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அந்தத் துண்டையே விட்டுவிட்டு ஒட்டிவிடுகிறது. 1021 முதல் 1092 வரை 72 எழுத்துகள் காணாமல் போகின்றன. 375 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 341 முதல் 364 வரை 24 இல்லாமல் போகின்றன. யூபிகுவிட்டினைப் பொருத்தும் பகுதியே புரதத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த நோயாளிகளிடம் மாற்றத்தைச் சுற்றியிருக்கும் டி.என்.ஏ. பகுதியும் ஒத்திருந்தது. பல தலைமுறைகளுக்கு முன் ஒரு மூதாதையரிடம் தோன்றிய மாற்றம் வழிவழியாக வந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. ஃபேன்கோனி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் தெற்காசியர் ஒவ்வொருவரிடமும் இதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். வெளிநாட்டு நோயாளிகளை வைத்துத் தயாரித்த பட்டியலை மட்டும் நம்பி நம் குழந்தைகளின் பரிசோதனை முடிவை எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உறவுத் திருமணமும் ஒரு கணக்கும்

ஃபேன்கோனி பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்தால் மட்டுமே ஏற்படும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் பொதுவாக நலமாகவே இருப்பார், தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

ஓர் ஊரில் 200 பேருக்கு ஒருவர் இப்படி ஒரு பழுதைச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 1,60,000இல் ஒன்று. அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்தால் அது ஏறத்தாழ 6,400இல் ஒன்று. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 3,200இல் ஒன்று. தாத்தா பாட்டி சுமந்த ஒரே பழுது இரு கிளை வழியாக இறங்கி மீண்டும் ஒரு குழந்தையிடம் சேர்வதால் இந்த உயர்வு.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் ரத்த உறவில் மணந்தவர்கள். நாட்டின் சராசரியோ 11 விழுக்காடு. கர்நாடகமும் ஆந்திரமும் நமக்கு அடுத்தபடியாக வருகின்றன. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற உரிமை சேலம், நாமக்கல் பக்கக் குடும்பங்களில் இன்றும் பேசப்படுவதுதான். சொத்து வெளியே போகாது, பெண் தெரிந்த வீட்டில் இருப்பாள், மாமியாரே அத்தை என்பதால் பாசம் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லும் காரணங்களைக் கேலி செய்வதற்கில்லை. அந்தக் காரணங்களால் பல பெண்களுக்குப் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது.

உறவில் மணந்த பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 6,400இல் ஒன்று என்றால் 6,399 குழந்தைகளுக்கு இந்த நோய் இல்லை. ஆனால் அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் இந்தக் கணக்கு இதேபோல உயர்வதால்தான் மொத்தத்தில் உறவுத் திருமணக் குடும்பங்களில் பிறவி நோய்கள் சற்றுக் கூடுதலாகத் தெரிகின்றன.

உறவில் மணக்காவிட்டாலும் கவலை முழுதாகத் தீராது. ஒரே சாதிக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் மணந்துவந்ததும் இதே விளைவைத் தருகிறது. 2017இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்கள் ஆராயப்பட்டன. அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை என்பதற்கு வலுவான தடயங்கள் கிடைத்தன. இத்தகைய தடயங்களுக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட அவை வலுவானவை. அந்த யூதர்களிடம் ஃபேன்க்-சி மரபணுவின் ஒரு பழுதை ஏறத்தாழ 90 பேரில் ஒருவர் சுமக்கிறார். அது தெரிந்ததால் அங்கே திருமணத்துக்கு முன்போ கருத்தரிக்கும் முன்போ பரிசோதித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நம் சமூகங்களில் எதை எத்தனை பேர் சுமக்கிறார்கள் என்று தேடும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நுண்ணோக்கியின் அடியில்

இந்த நோயை உறுதிசெய்யும் சோதனைக்குக் குழந்தையிடமிருந்து சில மில்லி ரத்தம் போதும். ஆய்வகத்தில் அந்த வெள்ளை அணுக்களை ஊட்டக் கரைசலில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் வளர்ப்பார்கள். பாதியில் மைட்டோமைசின் சி அல்லது டைஎபாக்சிபியூட்டேன் சொட்டுச் சேர்ப்பார்கள். பக்கத்திலேயே நோயில்லாத ஒருவரின் அணுக்களும் அதே மருந்தோடு வளரும். மூன்று, நான்கு நாள் கழித்து, செல் இரண்டாகப் பிரியும் தறுவாயில் அதை நிறுத்தி, கண்ணாடிச் சில்லில் பரப்பி, ஜீம்சா சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள்.

நலமானவரின் செல்லில் 46 குரோமோசோம்களும் தனித்தனியாக, முழுதாகத் தெரியும். ஃபேன்கோனி குழந்தையின் செல்லில் பாதியில் முறிந்தவை, துண்டாக விலகிக் கிடப்பவை, இரண்டு மூன்று குரோமோசோம்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டி நான்கு கை விரித்து நிற்பவை என்று சிதறிக் கிடக்கும். ஐம்பது, நூறு செல்களை ஒவ்வொன்றாக எண்ணி, சராசரி முறிவைக் கணக்கிட்டு அறிக்கை தருவார்கள். பொறுமையும் பயிற்சியும் வேண்டிய வேலை இது. கோடிக்கணக்கில் விலையுள்ள எந்திரம் எதுவும் தேவையில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. சில நோயாளிகளின் ஒரு ஸ்டெம் செல்லில் பழுது தற்செயலாகத் திருந்திவிடும். அதன் வழிவந்த ரத்த அணுக்கள் மற்றவற்றை முந்திப் பெருகும். அப்போது ரத்தச் சோதனை சரியாக இருப்பதுபோல் காட்டும். உடல் அடையாளங்கள் சந்தேகத்தைத் தந்தும் ரத்தம் மறுத்தால், தோலிலிருந்து எடுத்த செல்களில் அதே சோதனையைச் செய்ய வேண்டும்.

அடையாளங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமை, சிறுத்த அல்லது இல்லாத கட்டைவிரல், பால் காபி நிறத்தில் தோல் திட்டுகள், சிறிய தலை, ஒரே சிறுநீரகம் அல்லது இடம் மாறிய சிறுநீரகம் ஆகியவை முக்கியமானவை. ஆனால் மூன்றில் ஒரு பகுதிக்கு அருகில் குழந்தைகளுக்கு இவை எதுவும் இருக்காது. கட்டைவிரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஃபேன்கோனி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மருந்தே வினையாகும் இடம்

மஜ்ஜை ஓய்ந்த குழந்தைக்கு நிலையான தீர்வு மஜ்ஜை மாற்று. புது மஜ்ஜையை ஏற்றும் முன் பழையதை மருந்தால் அழிக்க வேண்டும். அதற்கு வழக்கமாகப் பயன்படும் சைக்ளோபாஸ்பமைடு முதலிய மருந்துகள் டி.என்.ஏ. இழைகளைப் பிணைப்பவை. எந்தப் பழுதைச் சரிசெய்ய முடியாமல் குழந்தை நோயில் விழுந்ததோ, அதே பழுதைத்தான் அந்த மருந்து உடல் முழுவதும் உண்டாக்கும். தோல், குடல், ஈரல் எல்லாம் வெந்துபோகும். தொடக்க காலத்தில் இதனாலேயே பல குழந்தைகள் இறந்தார்கள்.

பாரீஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மேன் மருந்தின் அளவைப் பல மடங்கு குறைத்தார். மற்ற மஜ்ஜை நோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொடுப்பதை இவர்களுக்கு 20 முதல் 40க்குள் நிறுத்தினார். அதே மருத்துவமனையில் 1988 அக்டோபரில் உலகிலேயே முதன்முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தால் மாற்றுச் சிகிச்சை நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயது ஃபேன்கோனி சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். அவன் பிழைத்து வளர்ந்தான். இன்று உலகெங்கும் பல நோய்களுக்குப் பயன்படும் தொப்புள்கொடி ரத்தச் சிகிச்சை இந்த அரிய நோயின் வழியாக வந்தது. பின்னர் ஃப்ளுடாரபின் என்ற மருந்து சேர்ந்தபோது உறவில்லாதவரின் மஜ்ஜையும் ஓரளவு நம்பிக்கையோடு பயன்பட்டது.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறது. சென்னையில் குழந்தைகளுக்கென்றே சிகிச்சைப் பிரிவுகள் வளர்ந்துள்ளன. 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் லட்சக்கணக்கானோர் ஸ்டெம் செல் தானத்துக்குப் பதிந்துள்ளனர். தாயோ தந்தையோ பாதிப் பொருத்தத்தில் தானம் தரும் முறையும் கைக்கு வந்திருக்கிறது. சேலம் வழியாக வேலூருக்கு ஒரு பகல் பயணத்தில் போய்விடலாம். தாமதம் வேறு எங்கோ நேர்கிறது.

டானிக்கிலும் ரத்தம் ஏற்றுவதிலும் மாதங்கள் கழிகின்றன. ரத்தம் ஏற்றும் எண்ணிக்கை கூடக்கூடப் புது மஜ்ஜையை உடல் ஏற்பது கடினமாகிறது. சிலருக்குச் சாதாரண மஜ்ஜை ஓய்வு என்று முடிவுசெய்து, நோய் எதிர்ப்பை அடக்கும் ஊசிகள் போடுகிறார்கள். அவை ஃபேன்கோனிக்குப் பயன்படுவதில்லை.

அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் மஜ்ஜை பொருந்தினால் அதுவே சிறந்தது. பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த உடன்பிறப்புக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதால், பொருந்தியும் நோயில்லாமலும் இருப்பவர் கிடைக்க 16இல் 3 வாய்ப்புதான். வெளியே நலமாகத் தெரியும் தம்பியின் மஜ்ஜையை எடுக்கும் முன் அவனுக்கும் குரோமோசோம் முறிவுச் சோதனை செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு நோயாளியின் மஜ்ஜையை இன்னொரு நோயாளிக்கு வைப்பதாகிவிடும்.

செலவுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை, ஒருமுறைச் சிகிச்சையால் தீரக்கூடிய நோய்களின் பிரிவில் ஃபேன்கோனி ரத்தசோகையையும் சேர்த்திருக்கிறது. 2022இல் செய்த திருத்தப்படி, அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உதவி பெறலாம். தறிக்கூலியிலும் லாரி ஓட்டியும் பிழைக்கும் குடும்பத்துக்கு இது தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஓர் உயிரின் விஷயம்.

மாற்றுக்குப் பிறகும், குடும்பத்தில் மற்றவர்களும்

மஜ்ஜை மாறினாலும் உடலின் மற்றச் செல்களில் பழுது அப்படியே இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகம். இருபது, முப்பது வயதிலேயே வரலாம். புகையிலை, பான்பராக், பாக்கு எதுவும் இவர்கள் வாயில் படக்கூடாது. மது கூடாது என்பதற்கு ஆல்டிஹைடு ஆய்வுகளே போதிய காரணம். எச்.பி.வி. தடுப்பூசியும், ஆண்டு தவறாமல் வாய்ப் பரிசோதனையும் வேண்டும். தேவையில்லாத எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் தவிர்க்கப்பட வேண்டும்.

இந்த மரபணுக்கள் நோயில்லாத குடும்பங்களையும் தொடுகின்றன. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு பெயர் சேர்ந்த பி.ஆர்.சி.ஏ.2வும் ஃபேன்கோனி பட்டியலில் உள்ளதுதான் என்பது 2002இல் தெரிந்தது. அதன் ஒரு பிரதி மட்டும் கெட்ட பெண்ணுக்கு நடுவயதில் புற்றுநோய் வரும் அபாயம் உயர்கிறது. இரண்டு பிரதியும் கெட்ட குழந்தைக்கு மிகக் கடுமையான ஃபேன்கோனி வருகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் டி. ராஜ்குமார் குழுவினர் தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுக்களை ஆராய்ந்தனர். இந்த மரபணு கெட்ட செல்லின் பலவீனத்தையே ஆயுதமாக்கும் ஓலபரிப் என்ற புற்றுநோய் மருந்து 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு குழந்தை நோயை விடாமல் துரத்திய ஆய்வு, லட்சக்கணக்கான பெண்களுக்கான சிகிச்சையோடு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானதும் எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்று கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கருவுக்கு 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்க முடியும். சித்தப்பா, அத்தை, மாமன் பிள்ளைகளும் தங்கள் நிலையை அறிந்துகொள்ளலாம். இங்கே பெரும்பாலும் குறுக்கே நிற்பது பழி. மருமகள் வழியில் வந்த நோய் என்றோ, சாபம் என்றோ பேச்சு கிளம்பும். பெரும்பாலும் இரு பக்கத்திலிருந்தும் சரிபாதி வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதை மருத்துவர் மாமியார், மாமனாரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாய்க்கு அது மருந்துக்கு நிகரான உதவி.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இந்த இரண்டு இடங்களில் ஒன்றிலேனும் குரோமோசோம் முறிவுச் சோதனைக்கு வசதி வேண்டும். அது அமையும்வரை ரத்த மாதிரியைச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அரசுச் செலவில் அனுப்பும் ஏற்பாடாவது வேண்டும். மூன்று வகை ரத்த அணுக்களும் காரணமின்றிக் குறைந்த எந்தக் குழந்தைக்கும், இளைஞருக்கும், இந்தச் சோதனை முடியும் முன் மஜ்ஜையை அழிக்கும் மருந்து தொடங்கக்கூடாது. பெற்றோரும் இதைக் கேட்டு வாங்கலாம். உங்கள் பிள்ளைக்குச் சோகை டானிக்கால் தீரவில்லை, தட்டணுவும் குறைந்திருக்கிறது என்றால், "ஃபேன்கோனி சோதனை செய்தாகிவிட்டதா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். உறவில் மணந்தவர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.